ஆறாவது பெயர்

எழுந்து, மழைக்கால்சட்டையின் இடுப்புக் கயிற்றை முடிந்துகொண்டு திரும்பினால் பாதையைக் காணோம். பாதை எங்கும் போயிருக்காது, மூடுபனிதான் வந்திருக்கிறது. உட்காரும்போது எதிர்ச்சரிவில் இருந்த பனித்திட்டுகளை எண்ண முடிந்தது, ஐந்து இருந்தன. எழுவதற்குள் அந்த ஐந்தும் போய், சரிவும் போய், பக்கத்தில் இருக்கிற பாறையின் மேல்பாதியும் போய்விட்டது. தடுப்பூசிக் குளிர்பெட்டியின் மூடியைத் திறந்ததும் ஐஸ் மேலிருந்து ஒரு புகை எழும், அதற்குள் தலையை விட்டது மாதிரி இருக்கிறது. சரி, பதறாதே மரகதம். பாறைக்கு இந்தப் பக்கமாக வந்தாய், அந்தப் பக்கமாகத் திரும்பிப் போக வேண்டியதுதான். ஆனால் எந்தப் பாறை? முதலில் ஒரு பாறைக்குப் பின்னால் போனேன், அது இடுப்பளவுதான் இருந்தது. அதை விட்டு அடுத்ததற்குப் போனேன், அங்கிருந்து பார்த்தால் ஜெர்மன்காரர் டீட்டரின் சிவப்புத் தொப்பி தெரிந்தது. எனக்குத் தொப்பி தெரிந்தால் தொப்பிக்கும் நான் தெரிவேன். அதற்கும் அப்பால் ஒன்று, அதற்கும் கீழே இன்னொன்று. மரமே இல்லாத இடம் இது. டென்மார்க்கிலிருந்து வந்திருக்கிற மூன்று சகோதரிகளும் பாதையை விட்டு நாலு எட்டு வைத்து, முதுகைத் திருப்பிக்கொண்டு, பேச்சைக்கூட நிறுத்தாமல் உட்கார்ந்து எழுந்துவிடுகிறார்கள். எனக்கு நாற்பது எட்டு வேண்டியிருக்கிறது. யாரிடமும் சொல்லவும் இல்லை. அறுபத்தோரு வயதில், ஆறு பேர் முன்னால் நின்றுகொண்டு, நான் ஒதுங்கப் போகிறேன், நில்லுங்கள் என்று இங்கிலீஷில் எப்படிச் சொல்வது. கடைசியாக நடந்துகொண்டிருந்தேன். அப்படியே பின்தங்கி, நழுவி வந்துவிட்டேன்.

விதிகளில் ஒன்றை மட்டும் ஒழுங்காகச் செய்திருக்கிறேன். ஒதுங்குகிறவர் பையைப் பாதையோரத்தில் வைத்துவிட்டுப் போக வேண்டும், பை இருந்தால் ஆள் பக்கத்தில் இருக்கிறார் என்று அர்த்தம், இது எங்கள் வழிகாட்டி சீக்ரிட் முதல் நாளே சொன்னது. என் பை ஒரு பாறையடியில் இருக்கிறது, அந்தப் பாறையில் சிவப்புச் சாயத்தில் ஆங்கில டி எழுத்து தீட்டியிருக்கிறது. நார்வேயின் இந்த மலைகளில் ஒரு குடிலிலிருந்து அடுத்த குடிலுக்கு அந்த எழுத்துதான் வழி. ஒரு டியைத் தாண்டும்போது அடுத்த டி தெரிய வேண்டும், தெரியவில்லையென்றால் நிற்க வேண்டும். பையில் தண்ணீர் இருக்கிறது, ரொட்டி இருக்கிறது, கம்பளிக் கையுறை இருக்கிறது. ஆபத்து என்றால் ஊதச் சொல்லிக் கொடுத்த விசிலும் பையின் தோள்வாரில்தான் இருக்கிறது. பையைப் பாதையில் வைக்கச் சொன்னவர்களே விசிலைப் பையில் கோத்தும் வைத்திருக்கிறார்கள். இதை மகள் நித்திலாவிடம் சொல்ல வேண்டும், சிரிப்பாள். இரண்டாவது விதி, வழி தவறினால் நின்ற இடத்திலேயே நிற்பது. நடக்கிறவரைத் தேடுவது கடினம், நிற்கிறவரைத் தேடுவது எளிது என்றாள் சீக்ரிட். நிற்கிறேன். மணி நாலரை. ஆகஸ்ட் மாதம், பத்து மணிவரை வெளிச்சம் இருக்கும், இருட்டுக்குப் பயமில்லை. குளிருக்குத்தான் பயம். பச்சைமலையிலும் மூடுபனி வரும், அங்கே நர்சாக இருந்தபோது மார்கழியில் தோளில் குளிர்பெட்டியைத் தொங்கவிட்டுக்கொண்டு ஏறும்போது மூன்று தடவை மாட்டியிருக்கிறேன். அங்கே நின்றால் போதும், எங்கிருந்தாவது ஒரு மாட்டு மணி கேட்கும், விறகுப்புகை வாடை வரும், அந்த வாடையைப் பிடித்துக்கொண்டே ஊருக்குள் போய்விடலாம். இங்கே ஓர் ஓடையின் சத்தம் மட்டும் இருக்கிறது, அதுவும் ஒரு பக்கத்திலிருந்து வந்தால் பரவாயில்லை, எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிறது.

மலை உனக்குப் புதுசாம்மா என்றுதான் நித்திலா அனுப்பிவைத்தாள். இருவருமாகச் சேர்ந்து வருவதாகத்தான் இருந்தது, ஐந்து நாள், நான்கு குடில். கடைசி வாரத்தில் அவள் வேலைபார்க்கும் இடத்தில் விடுப்பு இல்லையென்றுவிட்டார்கள். நானும் வேண்டாம் என்றேன். "நீ போயிட்டு வா. நீ ஏறாத ஏத்தமா? முப்பது வருஷம் ஏறி எறங்கினவதானே." "அது வேலைக்கு ஏறினதுடி." "இப்ப சும்மா ஏறு. நான் ஆபீஸ் போனா நீ அந்த ஜன்னல் கிட்டயே உக்காந்து பஸ் போறதைப் பாத்துக்கிட்டிருக்க. பக்கத்து வீட்டம்மா கேக்குறாங்க, உங்கம்மா என்ன பஸ் எண்ணுறாங்களான்னு." பஸ் எண்ணவில்லை. பஸ் பின்னால் வருகிறதா என்று பார்க்கிறேன். அந்த நிறுத்தத்தில் ஒரு பஸ்ஸும் பின்னால் வருவதில்லை, வந்து நின்று நேராகவே போய்விடுகிறது, இந்த நாட்டுக்கு அவளிடம் வந்ததிலிருந்து ஏழு மாதமாகப் பார்க்கிறேன். இதை அவளிடம் சொல்லவில்லை. அவளிடம் சொல்லாதது எவ்வளவோ சேர்ந்துவிட்டது. பெயர் விஷயத்தையும் சொல்லவில்லை. தினமும் சாயங்காலம் குடிலில் ஒரு மூலையில் போனுக்குச் சமிக்ஞை கிடைக்கும், "எப்படியிருக்கம்மா", "நல்லாருக்கேன்டி", "கால் வலிக்குதா", "இல்லை", "உன்னை நல்லா பாத்துக்குறாங்களா", "பாத்துக்குறாங்க, பேர் சொல்லிக் கூப்பிடுறாங்க." என்ன பெயர் என்று அவள் கேட்கவில்லை. அம்மாவை அம்மாவின் பெயரைத் தவிர வேறு என்ன சொல்லிக் கூப்பிடப் போகிறார்கள்.

அந்தத் தப்பு என்னுடையது, முழுக்க என்னுடையது. நித்திலா வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து நானே இந்தப் பயணத்துக்கான படிவத்தை நிரப்பினேன். முன்னெழுத்து மட்டும் போட்டால் ஏற்க மாட்டார்கள், விரித்து எழுதும்மா என்றாள் அவள், அடுப்பைப் பார்த்துக்கொண்டே. கல்யாணம் ஆன நாளிலிருந்து அ. மரகதவல்லி. முன்னெழுத்து முன்னால் வரும், அதனால்தானே அது முன்னெழுத்து. ஆகவே முதலில் அவர் பெயர், பிறகு என் பெயர், பெரிய எழுத்துகளில், ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்தாக. எழுதுவதில் எனக்கு எப்போதும் தடை இருந்ததில்லை, சொல்வதில்தான். முதல் நாள் காலையில், மலையடிவாரத்தில், கார்கள் நிற்கிற இடத்தில் தூறலில் வட்டமாக நின்றோம். சீக்ரிட் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த தாளைப் பார்த்து வாசித்தாள். டீட்டர், அவர் மனைவி ஹெல்கா, பிறகு மூன்று சகோதரிகள், ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள். ஆறாவதாக, "ஆராவாசி?" என்றாள். யாரும் கை தூக்கவில்லை. "ஆராவாசி?" எனக்கு அது ஏதோ மருந்தின் பெயர் போலத்தான் முதலில் கேட்டது. பிறகு, மருந்துப் பெயருக்குள்ளிருந்து அந்தப் பெயர் மெதுவாக எழுந்து வந்தது. நான் செய்த காரியம் என்ன தெரியுமா, திரும்பிப் பின்னால் பார்த்தேன். கார்கள் நின்றிருந்த பக்கம். ஒருவேளை வந்திருக்கிறாரோ என்பது போல. சீக்ரிட் என்னைப் பார்த்தாள், மிச்சம் நான் ஒருத்திதானே, "ஆராவாசி, நீங்கள்தானே?" என்றாள். நான் தலையை ஆட்டினேன், ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை, நம் ஊரில் எல்லாவற்றுக்கும் ஆட்டுகிற ஆட்டு. அவள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டு தாளில் ஒரு கோடு போட்டாள். அப்போதே திருத்தியிருக்கலாம். திருத்தினால், அது என் கணவர் பெயர் என்று சொல்ல வேண்டும். சொன்னால், அவர் எங்கே என்று கேட்பார்கள். சொன்னால் ஹெல்கா வந்து கட்டிக்கொள்வாள், அவள் அந்த மாதிரிதான், ஆட்டுக்குட்டியைப் பார்த்தாலே கண் கலங்குகிறது. இது ஒரு காரணம். இன்னொரு காரணமும் இருந்தது, அதை இரண்டாம் நாள் காலையில்தான் கண்டுபிடித்தேன்.

இரண்டாம் நாள் காலையில் குடிலின் வாசலில் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருக்கும்போது வெளியிலிருந்து சீக்ரிட் கூப்பிட்டாள், "ஆராவாசி, கிளம்பலாமா?" பிழையான ற, காணாமல் போன ழ. ஆனாலும் ஒரு காலை நேரத்தில், வாசலில், கிளம்புகிற பரபரப்பில், ஒருவர் உரக்க அந்தப் பெயரைச் சொல்கிறார். இரண்டு வருடமாக அதை யாரும் சொல்லவில்லை. நித்திலாவுக்கு அவர் அப்பா. என் தம்பிகளுக்கு மச்சான். அக்கம்பக்கத்தில் சர்வேயர் சார், இப்போது பாவம் அந்த சர்வேயர். அவர் அம்மா இருந்தவரை தெருமுனைவரை கேட்கும்படி கூப்பிடுவார், அவரும் போய்விட்டார். சான்றிதழ்களில் இருக்கிறது, அது சத்தம் போடாது. ஒரு பெயர் இப்படித்தான் உலகத்தை விட்டுப் போகும் போலிருக்கிறது, ஆள் போனபிறகு, கொஞ்சம் பொறுத்து, யாரும் கவனிக்காதபோது. இந்த மலையில், தலைமுடியை இரட்டைப் பின்னலாகப் போட்டுக்கொண்ட ஒரு பெண், அது யார் என்றே தெரியாமல், ஒரு நாளைக்கு எட்டுப் பத்துத் தடவை அதைச் சொல்கிறாள். ஆராவாசி, சூப் வேண்டுமா. ஆராவாசி, இந்தப் பலகைப் பாலத்தில் ஒருவர் ஒருவராக. நான் எஸ், எஸ் என்று சொல்லிக்கொண்டே நாலு நாளாக நடக்கிறேன். திருட்டுத்தனம்தான். ஆனால் யாருடையதையும் எடுக்கவில்லையே.

கை விரல்கள் மரத்துப்போகின்றன. அக்குளில் வைத்துக்கொள்ள வேண்டும், ஒரு கை, பிறகு மறு கை. நாலு மணி நாற்பது நிமிடம். இந்நேரம் அவர்கள் தலைகளை எண்ணியிருப்பார்களா? சீக்ரிட் மணிக்கு ஒரு முறை எண்ணுவாள். நாலு மணிக்கு ஓடையைக் கடந்ததும் எண்ணினாள், அடுத்தது ஐந்துக்கு. அதற்குள் அவர்கள் ஒன்றரைக் கிலோமீட்டர் போயிருப்பார்கள், இங்கே நிலமெல்லாம் கல், வேகமாக நடக்க முடியாது. பனியில் நெருங்கி நடக்கச் சொல்லியிருப்பாள், அப்போதே பார்த்திருப்பாள். டீட்டர் திரும்பிப் பார்த்திருக்கலாம். இல்லை, டீட்டர் திரும்பிப் பார்க்கிறவர் இல்லை, அவருக்கும் அந்தப் பழக்கம்தான், பொண்டாட்டி பத்து எட்டு பின்னால் வருகிறாளா என்று பார்க்காமல் போய்க்கொண்டே இருப்பது. ஆனால் ஹெல்காவுக்குக் கவலையில்லை, "டீட்டர்!" என்கிறாள், நாய்க்குட்டியைக் கூப்பிடுவது போல, அவர் நின்றுவிடுகிறார். அவ்வளவுதான், ஒரே சொல். முதல் நாள் அதைக் கேட்டபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. மூன்றாம் நாள் பொறாமையாக இருந்தது. அவள் கூப்பிடுகிறாள், அவர் நிற்கிறார், கூப்பிடுகிறாள், நிற்கிறார்.

மலைக் கிராமங்களில் தாய்சேய்ப் பதிவேட்டில் கணவர் பெயர் என்று ஒரு கட்டம் உண்டு. அதை நிரப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். "உன் வீட்டுக்காரர் பேரு என்னம்மா?" "அதான் நர்சம்மா, உங்களுக்குத் தெரியுமே." "எனக்கு எப்படித் தெரியும்?" "பிள்ளையாருக்குத் தம்பி." சுப்பிரமணி. "வானத்துல பௌர்ணமிக்கு வருமே." சந்திரன். விடுகதை போடத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் நிற்கிற பெண் சொல்லிவிடுவாள், சொல்லிவிட்டு, தன் முறை வரும்போது அவளும் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வாள். அதில் ஒருத்தி, பாப்பம்மாள் என்று பெயர், வாயாடி, இடுப்புக் குழந்தையோடு நின்றுகொண்டு கேட்டாள், "எங்களைக் கேக்குறீங்களே, உங்க வீட்டுக்காரர் பேரை நீங்க சொல்லுங்க பாப்போம்." வரிசை முழுக்க என் வாயையே பார்த்தது. நான் குனிந்து பதிவேட்டில் ஏதோ எழுதினேன். "வரிசைல நில்லுங்க, மருந்து சூடாகுது" என்றேன். மலையே சிரித்தது. அவர் பெயருக்கு விடுகதையும் கிடையாது, அதுதான் சங்கடம். என் மாமனார் தமிழில் பிடிப்புள்ளவர், தேடி வைத்த பெயர். வீட்டில் வந்து இதைச் சொன்னபோது இவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "சொல்லியிருக்க வேண்டியதுதானே, வாயில புண்ணா வந்துரும்?" "உங்களுக்கு ஆயுசு குறையும்." "நில அளவைத் துறையில நூத்தம்பது பேரு தினம் சொல்றான், குறையலயே." "அவங்க சொல்றது வேற." "நீ ஏங்கன்னு கூப்பிடுற. சந்தையில நின்னு ஏங்கன்னா அம்பது பேரு திரும்புவான். அதுல நான் எவன்?" "நீங்கதான் திரும்பவே மாட்டீங்களே" என்றேன். குழம்பை ஊற்றினேன். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. எங்கள் வீட்டில் நடந்த எத்தனையோ பேச்சுகளில் ஒன்று, பாதியில் நின்றது, மறந்தும் போயிருக்கும், பின்னால் அது நடக்காமல் இருந்திருந்தால்.

அதை இப்போது நினைக்க வேண்டாம். குடிலை நினை. குடில் நன்றாக இருக்கும். வாசலில் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போக வேண்டும், செருப்போடு உள்ளே வராத நாட்டைப் பார்த்ததில் எனக்கு முதல் நாளே ஒரு நிம்மதி. விறகு அடுப்பு, அதன்மேல் கொடியில் தொங்குகிற ஏழு பேரின் காலுறைகள், ஓடையிலிருந்து வாளியில் மொண்டுவந்த தண்ணீர். பழுப்பு நிறத்தில் ஒரு பாலாடைக்கட்டி தருகிறார்கள், முதல் வாய் வைத்தபோது திடுக்கிட்டேன், நம் திரட்டுப்பால்தான், கொஞ்சம் உப்புப் போட்ட திரட்டுப்பால். சொல்வதற்குத் திரும்பினேன். இந்தத் திரும்புகிற பழக்கம்தான் போக மாட்டேன் என்கிறது. அடுக்குக் கட்டில்கள் நாலு உள்ள அறையில் நான் ஒருத்தி படுக்கிறேன், ஜோடிக்கு ஓர் அறை, சகோதரிகளுக்கு ஓர் அறை, மிச்சம் எனக்கு. மற்ற மூன்று கட்டில்களிலும் கம்பளிகள் மடிப்புக் கலையாமல் இருக்கின்றன. ஒவ்வொரு குடிலிலும் தடித்த அட்டைப் புத்தகம் ஒன்று உண்டு, வருகிறவர் பெயர், எங்கிருந்து வந்தார், எங்கே போகிறார் என்று எழுத வேண்டும். ஆள் காணாமல் போனால் அந்தப் புத்தகத்தைப் புரட்டித்தான் தேடத் தொடங்குவார்களாம். நேற்றைய புத்தகத்தில் என் வரியை அவர்கள் இப்போது புரட்டினால் என்ன தெரியும்? தமிழில் எழுதியிருக்கிறேன். அ. மரகதவல்லி. ஒருவராலும் வாசிக்க முடியாது. அவர்களுக்குத் தெரிந்த பெயர் அதில் இல்லை.

நேற்று மத்தியானம் இப்படித்தான் ஒரு மேகம் வந்து மூடியது, கால் மணி நேரம்தான், அப்போது சீக்ரிட் எல்லோரையும் நிறுத்தி ஒரு பழக்கம் சொல்லிக்கொடுத்தாள். அவள் கூப்பிட்டதும் ஒவ்வொருவரும் தன் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். முன்னாலிருந்து கடைசிவரை. டீட்டர். ஹெல்கா. மூன்று பெண்களின் பெயர்கள். கடைசியில் நான், "எஸ்" என்றேன். சீக்ரிட் நின்று திரும்பி வந்தாள். "எஸ் என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். பனியில் அது எங்கிருந்து வருகிறது, யார் சொல்கிறார் என்று எனக்குத் தெரியாது. பெயரைச் சொல்லுங்கள்." வாயைத் திறந்தேன். வரவில்லை. "எஸ்" என்றேன் மறுபடி. சகோதரிகளில் இளையவள் சிரித்தாள், "இவருடைய முழுப் பெயரே எஸ் போலிருக்கிறது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சீக்ரிட் மட்டும் சிரிக்கவில்லை, என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், குளிர்பெட்டியில் ஐஸ் உருகியிருக்கிறதா என்று நான் பார்ப்பேனே, அப்படி. "ஒருநாள் தேவைப்படும், ஆராவாசி" என்றாள். அம்பது பேரில் நான் எவன் என்று அவர் கேட்டதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம். ஒரு வித்தியாசமும் இல்லை. இருவரும் ஒன்றைத்தான் சொல்லியிருக்கிறார்கள், ஒருவர் குழம்பு ஊற்றிய சோற்றைப் பிசைந்துகொண்டு, இன்னொருத்தி மேகத்துக்குள் நின்றுகொண்டு.

ஐந்து மணி. தாடை ஆடத் தொடங்கிவிட்டது. காலை மாற்றி மாற்றி வைக்கிறேன், நடக்கவில்லை, நின்ற இடத்திலேயே, பாறையை ஒரு கையால் தொட்டுக்கொண்டு. நினைக்க வேண்டாம் என்றால் அது போய்விடுகிறதா. கொய்யாப்பழம். துறையூர் பேருந்து நிலையம், பங்குனி மாதம், நாமக்கல்லுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போக வண்டியில் உட்கார்ந்திருந்தோம், நான் ஜன்னலோரம். வண்டி எடுக்க ஐந்து நிமிடம் இருக்கிறது என்றார் நடத்துநர். இவர் இறங்கிப் போய்க் கொய்யாப்பழம் வாங்கினார், நறுக்கி உப்பும் மிளகாய்த்தூளும் போட்டது, காகிதத்தில். நான் கேட்கவில்லை. எனக்குப் பிடிக்கும் என்று அவராக. திரும்பி வரும்போது வழியில் நின்றுவிட்டார், எதிரில் நின்ற ஒரு பேருந்தின் பெயர்ப்பலகையை அண்ணாந்து வாசித்துக்கொண்டு. எல்லாவற்றையும் வாசிப்பார், நில அளவைக்காரர்களுக்குப் பலகையும் கல்லும் கண்ணில் பட்டால் வாசிக்காமல் இருக்க முடியாது. அவருக்குப் பின்னால் வேறொரு பேருந்து பின்பக்கமாக வரத் தொடங்கியது. மெதுவாகத்தான் வந்தது. மிகவும் மெதுவாக. நேரம் இருந்தது, அதுதான், நேரம் நிறைய இருந்தது. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஏங்க" என்றேன். "ஏங்க, ஏங்க." வெற்றிலைக் கடைக்காரர் திரும்பினார். மஞ்சள் பை வைத்திருந்த ஒருவர் திரும்பினார். சட்டைப் பையில் சீட்டைச் செருகிக்கொண்டிருந்த நடத்துநர் திரும்பினார். மூன்று பேர். இவர் திரும்பவில்லை. யாரோ யாருடைய மனைவியோ யாரையோ கூப்பிடுகிறாள், பேருந்து நிலையத்தில் நாள் முழுக்கக் கேட்கிற சொல் அது. பெயர் என் வாயில் இருந்தது. நாக்கின் மேலேயே இருந்தது, அதன் கனம்கூட இப்போதும் தெரிகிறது. அந்த ஒரு நொடியிலும் நான் என்ன நினைத்தேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். சொன்னால் அவருக்கு ஆகாது என்று நினைத்தேன். "ஏங்க" என்றேன் நாலாவது தடவை. ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர் பெயர் என்ன என்று கேட்டார். அப்போதும் பேனாவை வாங்கி எழுதித்தான் கொடுத்தேன்.

குரல். ஏதோ ஒரு குரல். "ஆராவாசி!" மேலேயிருந்து, வலப்பக்கமிருந்து. பையைப் பார்த்துவிட்டாள், பை இருக்கிறது, ஆகவே ஆள் பக்கத்தில் இருக்கிறேன். "எஸ்!" என்று கத்தினேன். ஓடைச் சத்தம் அதை அப்படியே எடுத்துக்கொண்டு போனது, வாயிலிருந்து வெளியே வந்ததாகவே தெரியவில்லை. "ஆராவாசி!" இப்போது இடப்பக்கம். "எஸ்! எஸ்!" சின்னச் சொல் அது, கொசு மாதிரி. குரல் கீழே இறங்கிப் போகிறது, ஓடையோரமாக. ஆள் தண்ணீர்ப் பக்கம்தான் போயிருப்பார் என்று நினைத்திருப்பாள். போகாதே. நான் ஓடலாமா, நகரலாமா, நிற்கச் சொன்னாளே, பாறையை விட்டால் பாறையும் போய்விடும். அப்போது காற்று ஒரு தடவை வீசியது, பனி ஒரு துணியைத் தூக்குவது போல ஓரத்தில் கொஞ்சம் தூக்கியது, தூக்கிய இடத்தில் ஒரு முதுகு தெரிந்தது. மஞ்சள் மழைச்சட்டை, தலையில் முக்காடு, முதுகு மட்டும். எதிர்த்திசையில் போகிறது. "மேடம்!" என்றேன். நிற்கவில்லை. அப்புறம் நான் கூப்பிட்டதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. "ஏங்க!" என்றேன். நார்வே மலையில், ஒரு பெண்ணை, மூடுபனியில். "ஏங்க, ஏங்க!" அந்த முதுகு போய்க்கொண்டே இருந்தது, மஞ்சள் நிறம் வெளுத்து வெளுத்து, அதே மெதுவான வேகம், நேரம் இருக்கிறது, நேரம் இருக்கிறது, இன்னும் மூன்று எட்டு, இரண்டு.

"அறவாழி!"

என் குரல்தான். நான் நினைத்திருந்ததைவிடக் கனமாக இருந்தது. வா என்கிற இடத்தில் வாய் முழுதாகத் திறந்துகொள்கிறது, அதற்குப் பிறகு யாராலும் அதைப் பாதியில் நிறுத்த முடியாது, ழி தானாக நீண்டு போகிறது. "அறவாழீ!" ஓடை அதை எடுத்துக்கொள்ளவில்லை. எதிர்ப்பாறையில் பட்டு எனக்கே திரும்பி வந்தது, வேறு யாரோ கூப்பிடுவது போல. மஞ்சள் முதுகு நின்றது. நின்று, திரும்பியது.

திரும்பியது. நான் பாறையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் கூப்பிட்டேன், தேவையில்லை, பார்த்துவிட்டாள், கையை ஆட்டுகிறாள், கற்களில் தாவித் தாவி வருகிறாள், ஆனாலும் கூப்பிட்டேன். முப்பத்தைந்து வருடத்தில் ஒரு தடவைகூடச் சொல்லாததைத் தொண்டை கீறிப்போகும்வரை கூப்பிட்டேன். வருகிறேன், வருகிறேன் என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். பக்கத்தில் வந்து என் கைகளைப் பிடித்துத் தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள், குளிர்ந்த பிள்ளைகளுக்கு நான் செய்வேனே, அதே மாதிரி. "இவ்வளவு பெரிய குரலை எங்கே வைத்திருந்தீர்கள்?" என்றாள். எனக்குப் பல் கிட்டியது. பாதை இருபது எட்டில் இருந்தது. இருபதே எட்டு. பை பாறையடியில் நனைந்துபோய் உட்கார்ந்திருந்தது. சூடான தேநீரைக் குடுவையின் மூடியில் ஊற்றிக் கொடுத்தாள், கையுறையை அவளே மாட்டிவிட்டாள், ஏன் சொல்லாமல் போனீர்கள் என்று கேட்கவே இல்லை.

மற்றவர்கள் அரைக் கிலோமீட்டர் தள்ளி, ஒரு கற்குவியலைச் சுற்றி நெருக்கமாக நின்றிருந்தார்கள். ஹெல்கா கட்டிக்கொண்டாள், எதிர்பார்த்ததுதான். "காது கிழிந்துவிட்டது, எஸ் அம்மா" என்றாள் சகோதரிகளில் இளையவள், ஆனால் அவள் கண்ணும் சிவந்திருந்தது. சீக்ரிட் பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். வழி தவறிய பிறகு மறுபடி எண்ணித்தான் ஆக வேண்டும், அதுவும் ஒரு விதி. "பெயரைச் சொல்லுங்கள்" என்றாள். டீட்டர். ஹெல்கா. மூன்று பெண்கள், ஒருவர் பின் ஒருவராக. பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"மரகதவல்லி" என்றேன்.

சீக்ரிட் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். விரலை வரியில் வைத்து முதல் சொல்லிலிருந்து இரண்டாவது சொல்லுக்கு மெதுவாக நகர்த்தினாள். "மரகதவல்லி" என்றாள், ஓரளவு சரியாகவே சொன்னாள். "அப்படியானால், ஆராவாசி?"

"அறவாழி" என்று திருத்தினேன். ழி நன்றாக விழுந்தது. "அவர் வரவில்லை."

அவள் பென்சிலை அந்தப் பெயரின் மேல் கொண்டுபோனாள், கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்தாள், பிறகு கோடு போடாமல் உறையை மூடிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள். அடுத்த சிவப்பு எழுத்து தெரிகிறதா என்று பார்த்தாள். மங்கலாகத் தெரிந்தது. நடந்தோம், இந்தத் தடவை என்னை நடுவில் விட்டுக்கொண்டு.